ஆங்கில இலக்கியத்தில் நெட் எழுதப் போகும் பிள்ளைகளுக்கு

"மேடம், நெட்டுக்கு எந்த கைடு வாங்கறது?" எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடிக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நெட் என்பது கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்வு. கேட்கும்போதே போனில் டெலிகிராமிலிருந்து இறக்கிய தடித்த பிடிஎஃப் ஒன்று திறந்திருக்கும். நூல், ஆசிரியர், ஆண்டு, பாத்திரங்கள், முதல் வரி, கடைசி வரி என்று பக்கம் பக்கமாக அட்டவணை. இதை மனப்பாடம் பண்ணினால் ஜேஆர்எஃப் (ஆய்வு மாணவர்களுக்கான மாத உதவித்தொகை) நிச்சயம் என்று யாரோ அடித்துச் சொல்லியிருப்பார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், காலேஜுக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தையும் அந்த அட்டவணைகளில் கொட்டிவிட்டு, தேர்வு முடிந்து வந்து "படிச்சது எதுவுமே வரல மேடம்" என்று நிற்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தத் தேர்வுக்குக் குறுக்கு வழி என்று ஒன்று இருந்தால் அது மூல நூல்களைப் படிப்பதுதான். நேரமில்லை, அதனால் நோட்ஸ் போதும் என்பது தலைகீழ்க் கணக்கு. நேரமில்லாதவர்கள்தான் நாடகத்தையும் கவிதையையும் நேராகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை ஒழுங்காகப் படித்த நூல் மறக்காது, அட்டவணையை வாராவாரம் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். யுஜிசி நெட் வருடத்துக்கு இரண்டு சுற்று, ஜூன், டிசம்பர். 2018 டிசம்பரிலிருந்து என்டிஏ என்ற தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. மூன்று மணி நேரம், நடுவில் இடைவேளை கிடையாது. முதல் தாள் எல்லாப் பாடத்துக்காரர்களுக்கும் பொது, 50 கேள்விகள். இரண்டாம் தாள் நம் பாடம், 100 கேள்விகள். கேள்விக்கு 2 மதிப்பெண் வீதம் மொத்தம் 300. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே 150 கேள்விகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் விட்டுவிட்டு எழுந்து வரக்கூடாது. எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. 2018 ஜூலைக்கு முன்னால் மூன்று தாள்கள் இருந்தன. பழைய வினாத்தாள்களைப் புரட்டும்போது மூன்றாம் தாள் கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடாதீர்கள், அதுவும் நல்ல பயிற்சிதான்.

சிலபஸ் 2019-இல் மாறியது. பத்து அலகுகள்: நாடகம், கவிதை, புனைகதை, புனைவல்லாத உரைநடை, மொழி, இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வுகள், இலக்கிய விமர்சனம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடு, ஆய்வு முறை. அந்த சிலபஸில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது, யாரும் கவனித்துப் படிப்பதில்லை. முதல் நான்கு அலகுகளையும் பத்திகளைக் கொடுத்துப் புரிதலைச் சோதிக்கும் கேள்விகளாகவும் கேட்க வேண்டும் என்றும், அந்த நான்கிலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எல்லா நாட்டு இலக்கியமும் அடங்கும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டன் மட்டும் இல்லை, நைஜீரியா, கரீபியன், ஆஸ்திரேலியா, இந்தியா எல்லாம் உண்டு. இத்தனையையும் எந்த அட்டவணைக்குள் அடக்க முடியும்?

சரி, ஆண்டுகள் வேண்டாமா? வேண்டும், கண்டிப்பாக வேண்டும். காலவரிசைப்படுத்து என்ற கேள்வி வராத தாளே இல்லை. ஆனால் அங்கேதான் மனப்பாடம் காலை வாருகிறது. ஒரு உதாரணம். ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் விக்டோரியா காலத்துக் கவிஞர், இறந்தது 1889-இல். அவருடைய கவிதைகளை நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் தொகுத்து நூலாக வெளியிட்டது 1918-இல். டி.எஸ். எலியட்டின் முதல் கவிதைத் தொகுதியான ‘ப்ரூஃப்ராக்’ 1917. அதாவது, எலியட் பிறந்த மறு வருடமே இறந்துபோன ஒருவருடைய புத்தகம், எலியட்டின் முதல் தொகுதிக்கு அடுத்த வருடம் வருகிறது. வெளியான ஆண்டை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால் ஹாப்கின்ஸ் பின்னால்தான் நிற்க வேண்டும். ‘விக்டோரியன்’ என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரைப் பட்டியலாகப் பாடம் பண்ணிய பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு முன்னால் போடும். கோல்ரிட்ஜின் ‘குப்ளா கான்’ எழுதப்பட்டது 1797 வாக்கில், அச்சானது 1816. வேர்ட்ஸ்வொர்த்தின் ‘பிரெலூட்’ 1805-இல் பதின்மூன்று பாகங்களாக முடிந்தது, அவர் இறந்த பிறகு 1850-இல் பதினான்கு பாகங்களாக வெளியானது. எழுதிய ஆண்டா, மேடையேறிய ஆண்டா, அச்சான ஆண்டா என்று கேள்வியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும், அதைத் தெரிந்துகொண்டால் ஆண்டு தானாக நினைவில் நிற்கும்.

விமர்சன வரலாற்றை நான் பட்டிமன்றம் மாதிரிதான் நடத்துவேன். ஒருவர் குற்றம் சாட்டுவார், அடுத்தவர் எழுந்து பதில் சொல்வார். 1579-இல் ஸ்டீபன் காஸன் கவிதையையும் நாடகத்தையும் திட்டி ஒரு நூல் எழுதி, அதைக் கவிஞர் பிலிப் சிட்னிக்கே சமர்ப்பணம் செய்கிறார். சிட்னி கவிதைக்காக வாதாடி எழுதுகிறார், அவர் 1586-இல் போரில் காயம்பட்டு இறந்த பிறகு அது 1595-இல் அச்சாகிறது, அதுவும் ஒரே வருடத்தில் இரண்டு பதிப்பாளர்களால் இரண்டு வேறு தலைப்புகளில். 1820-இல் தாமஸ் லவ் பீக்காக் கவிதையின் காலம் முடிந்துவிட்டது என்கிறார். அவருடைய நண்பர் ஷெல்லி 1821-இல் மறுப்பு எழுதுகிறார், மறு வருடம் கடலில் மூழ்கி இறக்கிறார், கட்டுரை வெளியே வருவது 1840-இல். வேர்ட்ஸ்வொர்த் ‘லிரிகல் பேலட்ஸ்’ தொகுதிக்கு 1800-இல் முன்னுரை எழுத, அதில் சொன்ன கவிதை மொழியைப் பற்றிய வாதத்துக்குக் கோல்ரிட்ஜ் 1817-இல் நின்று நிதானமாகப் பதில் சொல்கிறார். இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் நாவலாசிரியர் கான்ராட் காட்டிய ஆப்பிரிக்காவை 1975-இல் ஒரு மேடையில் வைத்து நைஜீரிய எழுத்தாளர் அச்செபே கேள்வி கேட்கிறார். யாருக்கு யார் பதில் என்று பிடித்துக்கொண்டால், பொருத்துக, வரிசைப்படுத்துக, கூற்று-காரணம் மூன்று வகைக் கேள்விக்கும் அது ஒன்றே போதும். என்டிஏ தாளில் ஐந்து கூற்றுகளைக் கொடுத்து ‘அ, இ, உ மட்டும் சரி’ என்று ஆப்ஷன் வைப்பார்கள். அங்கே ஒரு கூற்றை உறுதியாகத் தள்ளத் தெரிந்தாலே பாதி ஆப்ஷன் போய்விடும்.

இப்போது கவிதை. தாளின் கடைசிப் பகுதியில் பொதுவாக ஒரு கவிதையும் ஒரு உரைநடைப் பத்தியும் வரும். மூன்று மணி நேரம் முடியும் தறுவாயில், கண் எரிய எரிய அதைப் படிக்க வேண்டும். அதற்கு இப்போதே பழக வேண்டும். நான் முதலில் கையில் கொடுப்பது தாமஸ் ஹார்டியின் ‘தி டார்க்லிங் த்ரஷ்’. 1900 டிசம்பர் கடைசியில் ‘தி கிராஃபிக்’ பத்திரிகையில், நூற்றாண்டின் மரணப் படுக்கையருகே என்ற பொருள்படும் வேறொரு தலைப்பில் வந்தது. நான்கு பத்திகள், பத்திக்கு எட்டு அடி. முதல் பத்தியில் பனி, சாம்பல் நிறம், வானத்தைக் கீறும் கொடித் தண்டுகள். அந்தத் தண்டுகள் அறுந்த யாழ் நரம்புகளைப் போலத் தெரிகின்றன என்கிறார். இரண்டாம் பத்தியில், தன்னைச் சுற்றிய நிலமே போன நூற்றாண்டின் பிணமாகக் கிடக்கிறது என்கிறார். மூன்றாம் பத்தியில் ஒரு குரல் எழுகிறது. பாடுவது வயதான, மெலிந்த, காற்றில் இறகு கலைந்த ஒரு பறவை.

இங்கே நிறுத்தி, கவிதையின் தொனி என்ன என்று கேட்பேன். "நம்பிக்கை, மேடம்" என்று உடனே பதில் வரும். கைடிலும் அப்படித்தான் இருக்கும். கடைசி நான்கு அடியை வாய்விட்டு மெதுவாகப் படிக்கச் சொல்வேன். பறவைக்குத் தெரிந்த ஏதோ ஒரு நம்பிக்கை அந்தப் பாட்டில் நடுங்குகிறது என்று நினைக்கத் தோன்றியது, எனக்கோ அது தெரியவில்லை என்று முடிக்கிறார் ஹார்டி. நம்பிக்கை பறவையிடம் இருக்கிறது, கவிஞனிடம் இல்லை. ‘கவிஞன் நம்பிக்கையை மீட்டெடுக்கிறான்’ என்பது ஒரு ஆப்ஷனாகவும், ‘தன்னால் பங்குகொள்ள முடியாத ஒரு நம்பிக்கையைக் கவிஞன் கேட்கிறான்’ என்பது இன்னொரு ஆப்ஷனாகவும் வந்தால், கவிதையைப் படித்தவள் இரண்டாவதைத்தான் தொடுவாள். அந்த அறுந்த யாழ் ஏன் வந்தது என்று யோசித்தவளுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். ரொமாண்டிக் கவிஞர்களுக்கு யாழ் கவிமனத்துக்கே அடையாளம், அது இங்கே அறுந்து தொங்குகிறது. ஒரு கவிதையை இப்படிப் படிக்க அரை மணி நேரம் போதும். வாரத்துக்கு மூன்று கவிதை படித்தாலும் ஆறு மாதத்தில் எவ்வளவு தூரம் வந்துவிடலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது உங்களுக்குத் தெரியவில்லை. ஒலியியல் என்றால் பயப்படுகிறீர்கள், ஆனால் நன்னூலில் எழுத்துப் பிறப்பு படித்தீர்களே, உதடு, பல், அண்ணம் என்று ஒலி பிறக்கும் இடத்தைச் சொன்னது அதேதான். நமக்குச் சிக்கல் தருவது ஒலிப்புடைய, ஒலிப்பற்ற என்ற பிரிவு மட்டும், ஏனென்றால் நம் எழுத்து அதைக் காட்டுவதில்லை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப-வில் அதிர்வு இருக்காது, மகர மெய்க்குப் பின்னால் வரும் ப-வில் இருக்கும். இந்த ஒன்றைக் காதால் கேட்டுவிட்டால் ஆங்கில மெய்யெழுத்து அட்டவணையில் பாதி புரிந்துவிடும்.

கோட்பாடும் அப்படித்தான். சசூர், தெரிதா என்றதும் நடுங்க வேண்டாம். தமிழில் விமர்சகர் தமிழவன் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ எழுதியது 1982-இல். அதற்குப் பிறகு நம் சிறுபத்திரிகைகளில் அமைப்பியல், பின்நவீனத்துவம், தலித் இலக்கியம் என்று எத்தனை விவாதங்கள் நடந்தன. முதலில் தமிழில் படித்துத் தெளிந்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் தமிழில் வந்தது, லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்ப்பு 2000-இல். நாடு முழுக்கப் பிள்ளைகள் அதை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள், உங்களுக்கு அதன் பேச்சு அப்படியே காதில் விழும். முதல் தாளில் இந்தியத் தர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு, பிரமாணங்களை, அதாவது அறிவு பெறும் வழிகளை, மனப்பாடம் பண்ண முடியவில்லை என்று தவிக்கிறார்கள். மணிமேகலையில் சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதையை எடுத்துப் பாருங்கள். காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, அபாவம் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பிரத்யட்சம், அனுமானம் என்று வினாத்தாள் கேட்பது இவற்றைத்தான்.

‘இந்தியாவில் ஆங்கிலம்’ அலகு எனக்கு மிகவும் பிடித்தது. கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்ன 1813 சாசனச் சட்டம், 1835 பிப்ரவரி 2 தேதியிட்ட மெக்காலேயின் குறிப்பு, 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னையில் மூன்று பல்கலைக்கழகங்கள். நான்கு ஆண்டையும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. மெக்காலே கொண்டுவந்த படிப்பைப் படித்துப் பட்டம் வாங்கிய அதே மனிதர்தான் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்து 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு 1857 என்பது வெறும் எண்ணாக இருக்காது. காலனியக் கல்வி என்ன செய்ய நினைத்தது, உண்மையில் என்ன நடந்தது என்று யோசிக்கத் தோன்றும். அந்த யோசனையைத்தான் கௌரி விஸ்வநாதன் 1989-இல் புத்தகமாக எழுதினார், அதுவும் தேர்வில் வரும்.

மற்ற தேர்வுகளைப் பற்றிக் கொஞ்சம். மாநில அளவிலான தகுதித் தேர்வான தமிழ்நாடு செட்டின் பாடமும் முறையும் நெட் மாதிரியேதான், ஆனால் அந்தத் தகுதி தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும், ஃபெலோஷிப் கிடையாது. 2025 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அதை நடத்தியது. நெட்டுக்குப் படிக்கிறவர்கள் இதற்கென்று தனியாகப் படிக்க வேண்டியதில்லை. பிஜி டிஆர்பி முற்றிலும் வேறு. அது மேல்நிலைப் பள்ளி வேலைக்கான தேர்வு, பி.எட். வேண்டும். 150 கேள்விகளில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. படிக்க வேண்டிய நூல்களைப் பெயர் சொல்லியே பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே அங்கே பட்டியலை விட்டு வெளியே அலைய வேண்டாம். தமிழ்த் தகுதித் தாளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 40 சதவீதம் எடுக்காவிட்டால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

இளங்கலை மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் எம்.ஏ. சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் பிஜி எழுதுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம், ஹைதராபாத், டெல்லி, ஜேஎன்யூ என்று அத்தனை கதவும் அந்த ஒரு தேர்வால் திறக்கும், அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாமல் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் பக்கத்து ஊரில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். நான்கில் இரண்டு ஆப்ஷனைத் தள்ள முடிந்தால் துணிந்து எழுதலாம், ஒன்றையும் தள்ள முடியவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பெண்பிள்ளைகளுக்கு. எம்.ஏ. முடித்ததும் கல்யாணம், அடுத்து குழந்தை, அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் புத்தகங்களைப் பரணில் போட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். ஜேஆர்எஃப் வயது வரம்பு 30, அதில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் இல்லை. ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டில் "இன்னும் எதுக்குப் படிப்பு" என்று கேட்கிறவர்களிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள், பல வீடுகளில் பேச்சு மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூன் 18-இல் நடந்த நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்து, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மறுபடி நடத்தினார்கள். அந்த இரண்டு மாதமும் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே பிடிக்காமல் இருந்தார்கள். அப்போது அவர்களை மறுபடி உட்கார வைத்தது மாக் டெஸ்ட் இல்லை, ஒன்றாக உட்கார்ந்து ஒரு நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டுப் படித்ததுதான். தனியாகப் படிக்கிறவர்கள் இரண்டு பேராவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிந்ததும் விட்டுவிடாதீர்கள், ஆன்சர் கீ வரும்போது உட்கார்ந்து சரிபாருங்கள். என்டிஏ தற்காலிக விடைகளை வெளியிட்டதும் ஆட்சேபிக்கச் சில நாட்களே தருவார்கள், கேள்விக்கு 200 ரூபாய், திரும்பக் கிடைக்காது. நம் பாடத்தில் தவறான விடை வருவதற்கு வாய்ப்பு அதிகம், காரணம் மேலே சொன்னதுதான்: எழுதிய ஆண்டும் அச்சான ஆண்டும் கலந்துபோகும். ஆட்சேபம் எழுதும்போது ஏதோ ஒரு இணையப் பக்கத்தின் படத்தை இணைக்காதீர்கள். முதல் பதிப்பின் தலைப்புப் பக்கம், நல்ல பல்கலைக்கழகப் பதிப்பின் முன்னுரை, இப்படி ஒன்றைக் காட்டுங்கள். பழைய நூல்களின் முதல் பதிப்புகள் பல இணைய ஆவணக் காப்பகத்தில் ஸ்கேனாக இலவசமாகக் கிடைக்கின்றன. தேடத் தெரியவில்லை என்றால் உங்கள் காலேஜ் நூலகரிடம் கேளுங்கள், அவர் எடுத்துக் கொடுப்பார்.